கிடங்கில் புலவர் இருவரின் மாலைப் பாடல்கள்: இயற்கைக் குறும்பாடலில் உவமையும் காட்சியும்

ஆய்வுச் சுருக்கம்

இயற்கையைப் பாடும் குறும்பாடல்களை விளக்கும்போது, பாட்டில் வரும் மரம், பறவை, பொழுது ஆகிய அனைத்தையும் உருவகம் என்றோ குறியீடு என்றோ ஒரே பெயரால் சுட்டும் வழக்கம் பரவலாக உள்ளது. உவமை, உருவகம், உள்ளுறை, இறைச்சி எனத் தமிழ்ப் பொருளிலக்கண மரபு கண்ட வேறுபாடுகள் இதனால் மறைகின்றன. இன்றைய திண்டிவனத்தை அடுத்த கிடங்கில் என்னும் ஊரைச் சேர்ந்த புலவர் இருவர் பாடிய நற்றிணை 218, 364 ஆகிய பாடல்களை எடுத்துக்கொண்டு, பொருள்கள் பாட்டில் நிற்கும் முறைகளை இக்கட்டுரை விளக்குகிறது. இப்பாடல்களில் இயற்கைப் பொருள்கள் பெரும்பாலும் வேறொன்றற்குப் பதிலாக நிற்பவை அல்ல. பேசுபவளோடு ஒரே மாலையில் உடனிருப்பவை. அவை வரும் வரிசையே பொருளைத் தருகிறது என்பது இக்கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: கிடங்கில், நற்றிணை, உவமை, உருவகம், உள்ளுறை, இறைச்சி, படிமம், அன்றில்.

முன்னுரை

அகப்பாடல் ஒன்றில் கூகை வந்தால் ‘தீய நிமித்தத்தின் குறியீடு’ என்றும், பூ உதிர்ந்தால் ‘தலைவியின் உருவகம்’ என்றும் விடை எழுதும் பழக்கம் மாணவரிடம் மட்டுமன்றி ஆய்வேடுகளிலும் காணப்படுகிறது. அவ்விடை எப்போதும் பிழையன்று. ஆயினும் பாட்டைப் படிக்காமலேயே எழுதிவிடத்தக்க விடை அது. கூகை எந்த மரத்தில் இருந்தது, எப்போது குரல் எழுப்பியது, அதற்கு முன் என்ன கேட்டது, பின் என்ன கேட்கவிருக்கிறது என்னும் வினாக்களுக்கு அவ்விடையில் இடமில்லை. குறும்பாடலில் பொருள் தங்கியிருப்பது அவ்வினாக்களில்தான்.

நற்றிணைப் பாடல்கள் 9 முதல் 12 அடி வரையிலான அளவின. இச்சிறு எல்லைக்குள் புலவர் தேர்ந்து வைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்த பணி உண்டு. அப்பணியை இனங்காண்பதற்கான ஒரு படிப்புமுறையை இரு பாடல்களின் வழி முன்வைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிடங்கிலும் அதன் புலவர்களும்

சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனாகிய நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மா நாட்டின் ஊர்களுள் ஒன்று கிடங்கில். எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் ஆகியன அந்நூல் கூறும் பிற ஊர்கள். கிடங்கில் என்பது விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனம் நகரோடு இணைந்துள்ள கிடங்கல் என்னும் பகுதி எனவும், எயிற்பட்டினம் மரக்காணம் எனவும் ஆய்வாளர் கொள்வர்.

இவ்வூர்ப் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய மூவர் சங்கத் தொகைகளில் உள்ளனர். கிடங்கில் காவிதிக் கீரங்கண்ணனார் நற்றிணை 218ஐயும், கிடங்கில் காவிதிப் பெருங்கொற்றனார் நற்றிணை 364ஐயும், கிடங்கில் குலபதி நக்கண்ணனார் குறுந்தொகை 252ஐயும் பாடியுள்ளனர். காவிதி என்பது அரசரால் வழங்கப்பெறும் சிறப்புப் பட்டம். குறுந்தொகைப் பாடல் தலைவியின் பண்பை உரையாடலாக விரிப்பது. இயற்கைக் காட்சி அதில் மிகக் குறைவு. ஆகவே நற்றிணைப் பாடல்கள் இரண்டும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

நற்றிணை 1915இல் பின்னத்தூர் அ. நாராயணசாமி ஐயரின் உரையோடு அச்சேறியது. பின்னர் அதற்கு விரிவான உரை வகுத்த ஔவை சு. துரைசாமிப் பிள்ளை, திண்டிவனத்தை அடுத்த ஔவையார்குப்பத்தில் 1902இல் பிறந்தவர். கிடங்கில் புலவரின் பாட்டுக்கு அதே வட்டாரத்தில் பிறந்த ஒருவர் உரை கண்டது தமிழ்க் கல்வி வரலாற்றின் இனிய நிகழ்வுகளுள் ஒன்று.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. புலவரின் ஊர் தெரிகிறது என்பதனால் பாட்டிலுள்ள வேம்பும் பனையும் அவ்வூரில் நின்றவை என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. திணை என்பது புலவர் பலரும் பகிர்ந்துகொண்ட இலக்கிய மரபு. நற்றிணை 218 நெய்தல் திணைப் பாடல். ஆனால் அதில் கடலோ கழியோ உப்பங்கரையோ இல்லை. கிடங்கலும் கடற்கரை ஊர் அன்று. மரக்காணம் அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இவ்விரண்டையும் இணைத்துப் புலவரின் வாழ்க்கையை ஊகிப்பதைவிட, கடலின்றியும் நெய்தல் எவ்வாறு அமைகிறது எனக் கேட்பதே பயன் தரும்.

கலைச்சொற்களின் எல்லை

தொல்காப்பிய உவமவியல் வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் அடிப்படையில் உவமை பிறக்கும் என்கிறது. ஒரு பொருளும் அதற்கு ஒப்பாகும் மற்றொரு பொருளும் பொதுத்தன்மை ஒன்றால் இணைவது உவமை. இரண்டிற்கும் இடையிலான வேறுபாட்டை நீக்கி ஒன்றே மற்றொன்று எனக் கூறுவது உருவகம். உருவகத்தைத் தனி அணியாக வகுத்து விரித்தது தண்டியலங்காரம். தொல்காப்பியம் அதற்கெனத் தனியிலக்கணம் கூறவில்லை.

உள்ளுறையில் கருப்பொருளின் நிகழ்ச்சி ஒன்று மட்டும் சொல்லப்படும். அதன் ஒவ்வோர் உறுப்பும் மாந்தர் நிகழ்ச்சியின் ஓர் உறுப்போடு பொருந்தும். தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை அது களனாகக் கொள்ளும். இறைச்சியும் கருப்பொருளின் வழியே பிறப்பதுதான். ஆனால் அங்கு உறுப்புக்கு உறுப்புப் பொருத்தம் இல்லை. நேர்ப்பொருளுக்குப் புறத்தே ஒரு குறிப்பு எழுகிறது. இவ்விரண்டின் எல்லை குறித்து உரையாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் பொருத்தம் உறுப்புதோறும் அமைகிறதா, குறிப்பாக மட்டும் எழுகிறதா என்னும் வினா நடைமுறைப் படிப்புக்குப் போதுமான அளவுகோலாகும்.

படிமம் என்பது இருபதாம் நூற்றாண்டுத் திறனாய்வின் சொல். ஐம்புலனில் ஒன்றற்கு ஒரு பொருளைத் தோன்றச் செய்யும் சொல்லாட்சியை அது குறிக்கும். உவமையும் படிமமாகலாம், ஒப்புமை ஏதுமற்ற வெறுங்காட்சியும் படிமமாகலாம். ஆகவே ஒரு தொடரைப் படிமம் எனச் சுட்டுவது ஆய்வின் தொடக்கமே ஆகும்.

அ.கி. இராமானுசன் 1967இல் வெளியிட்ட ‘தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்’ என்னும் மொழிபெயர்ப்பு நூலின் பின்னுரையில் இதனைத் தெளிவுபடுத்தினார். அகப்பாடலில் மாந்தரும் இயற்கையும் ஒரே காட்சியின் பகுதிகள்; ஆகவே அங்குள்ள உறவு உருவகத்தைவிட ஆகுபெயருக்கு நெருக்கமானது என்பது அவர் கருத்தின் சாரம். ஆகுபெயர் அருகிருப்பதால் பிறப்பது. உருவகம் ஒப்புமையால் பிறப்பது. இவ்வேறுபாடு பின்வரும் விளக்கத்துக்கு அடிப்படையாகும்.

நற்றிணை 218: பாடற்பொருள்

தலைவன் திருமணத்துக்குரிய ஏற்பாட்டின்பொருட்டுப் பிரிந்துள்ளான். அவன் குறித்த காலம் கடந்துவிட்டது. ஆற்றியிருக்குமாறு தோழி வற்புறுத்த, அதனை ஏற்க இயலாத தலைவி பேசுகிறாள். ஞாயிறு இறங்கிக் கதிர் மழுங்கிவிட்டது. இரவு, பூ உதிர்ந்த கொடியைப் போலத் தனிமையுற்றது. வௌவால்கள் எங்கும் பறக்கின்றன. ஆண்பறவை மகிழ்ச்சியோடு விளிக்கிறது. மாறாத காதலோடு தெளிவித்துச் சென்றவர் சொன்ன பருவம் போயிற்று. பருத்த அடியுடைய வேம்பின் கிளையில் இருக்கும் கூகையும் இரவில் குரல் எழுப்புகிறது. தீராத நோய் வருத்தத் தனியளாகிய நான், பருத்த அடியுடைய பனையிலிருந்து வரும் அன்றிலின் குரலை இன்னும் கேட்பேனோ என அவள் வினவுவதோடு பாட்டு முடிகிறது.

ஒரே உவமை

இப்பாட்டில் வெளிப்படையான உவமை ஒன்றே உள்ளது. பூ உதிர்ந்த கொடி என்பது உவமானம். எல்லி என்பது உவமேயம். எல்லி என்பதற்கு இரவு, பகல் என்னும் இரு பொருளும் அகராதிகளில் உள்ளன. இங்கு இரவு எனக் கொள்ளப்படுகிறது. ‘போல’ முதலிய உவம உருபுகள் இல்லை. ஐந்தாம் வேற்றுமையின் ‘இன்’ உருபே ஒப்புப்பொருளைத் தருகிறது. புலம்பு, அதாவது தனிமை, பொதுத்தன்மையாகும்.

‘தலைவி பூ உதிர்ந்த கொடி போன்றவள்’ என்று பலரும் எழுதுவது இவ்விடத்தில்தான். பாட்டு அவ்வாறு கூறவில்லை. கொடிக்கு ஒப்பானது இரவு. அந்த இரவுக்குத் தனிமை என்னும் மனித உணர்வு ஏற்றிக் கூறப்பட்டுள்ளது. இரவு தனிமையடையாது; இரவில் இருப்பவளே தனிமையடைவாள். அவள் தன் நிலையைத் தன்னைச் சூழ்ந்த பொழுதின்மேல் வைத்துப் பேசுகிறாள். பொருள் இவ்வாறு மூன்று படிகளில் நகர்கிறது: கொடியிலிருந்து இரவுக்கு, இரவிலிருந்து தனிமைக்கு, தனிமையிலிருந்து பேசுபவளுக்கு. நேரே மூன்றாம் படிக்குத் தாவினால், தன் துயரைத் தன் வாயால் நேரடியாகச் சொல்லத் தயங்கும் ஒருத்தியின் குரலை நாம் இழந்துவிடுகிறோம்.

உவமை நிற்கும் இடமும் கருதத்தக்கது. அதற்கு முன் நிகழ்ந்தது கதிர் மழுங்கியது. பூ இருக்கும்வரை கொடிக்கு நிறமும் அதனை நாடி வரும் வண்டும் உண்டு. ஒளி நீங்கிய பொழுதும் மலர் நீங்கிய கொடியும் ஒன்றையொன்று விளக்குகின்றன. வினை, பயன், மெய், உரு என்னும் நான்கனுள் இங்கு வினையும் உருவும் இணைந்து செயற்படுகின்றன எனலாம்.

காட்சியிலிருந்து ஒலிக்கு

உவமையை அடுத்து வரும் வௌவால், ஆண்பறவை, கூகை ஆகியவை எதற்கும் ஒப்பாகக் கூறப்படவில்லை. மாலையில் வௌவால் பறக்கும், அதனால் பறக்கிறது. இவற்றை உள்ளுறை எனக் கொள்ளவும் இயலாது. வௌவாலின் செயலோடு தலைவனின் செயலை உறுப்புதோறும் பொருத்த வழியில்லை. ஆண்பறவையின் மகிழ்ந்த விளி, விளிக்க வேண்டியவன் வாராமையை நினைவூட்டுகிறது. அது ஒப்புமையால் அன்றி முரணால் எழும் குறிப்பு. இறைச்சி எனக் கொள்வது பொருந்தும்.

வரிசையை நோக்கினால் புலவரின் திட்டம் புலப்படும். முதலில் ஞாயிறும் இரவும் கண்ணுக்குப் புலனாவன. அடுத்து வௌவால், மங்கிய ஒளியில் அசைவாக மட்டும் தெரிவது. பின்னர் ஆண்பறவையின் விளி, கூகையின் குரல், அன்றிலின் குரல் என மூன்றும் செவிக்கு உரியவை. இருள் கூடக்கூடக் கண் பயனற்றுப்போக, செவி மட்டும் எஞ்சுகிறது. உறங்காதவள் ஒவ்வோர் ஒலியாக எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

இலக்கணச் சான்றும் இதற்குத் துணை நிற்கிறது. எல்லி, வாவல், சேவல், கூகை ஆகிய நான்கு பெயர்களும் ‘உம்’ ஏற்று வருகின்றன. ஒன்றன்மேல் ஒன்றாகத் துன்பம் ஏறுவதை அவ்விடைச்சொல் காட்டுகிறது. தலைவன் சொன்ன பருவம் கழிந்த செய்தி இவ்வடுக்கின் நடுவே, ஆண்பறவைக்கும் கூகைக்கும் இடையில், தானும் ஒரு மாலை நிகழ்ச்சி போல வைக்கப்பட்டுள்ளது. மகிழ்ந்த குரல் ஒருபுறமும் அச்சம் தரும் குரல் மறுபுறமும் நிற்க, இடையில் பொய்த்த வாக்கு நிற்கிறது. கூகையைத் தனியே எடுத்துத் தீநிமித்தம் எனப் பெயரிட்டால் இந்த அமைப்பு கண்ணில் படாது.

வாராத பறவை

பாட்டின் இறுதிப் பொருள் அன்றில். நெய்தலுக்குரிய பறவையாகவும், பனையில் வாழ்வதாகவும், துணையைப் பிரியாததாகவும் மரபு அதனைக் கூறும். அதன் தலை நெருப்புப்போலச் சிவந்தது எனவும், அலகு இறால்போல வளைந்தது எனவும், நள்ளிரவில் அது எழுப்பும் குரல் பிரிந்தோரைச் செயலறச் செய்யும் எனவும் குறுந்தொகை 160 விவரிக்கிறது. அரிவாள் மூக்கன் இனத்துப் பறவையோடு இதனை ஒப்பிடும் ஆய்வாளரும் உளர்.

குறுந்தொகைப் பாடல் அன்றிலின் நிறத்தையும் வடிவத்தையும் காட்ட, கிடங்கில் புலவரோ அதன் உருவைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. அதன் குரலை மட்டுமே குறிக்கிறார். அக்குரலும் இவ்விரவில் இன்னும் எழவில்லை. தலைவி அதனை எதிர்நோக்கி அஞ்சுகிறாள். பாட்டின் வலிமை மிக்க படிமம் நிகழாத ஒன்றன் படிமமாக அமைந்துள்ளது. ‘இன்னும்’ என்னும் சொல், முன்னைய இரவுகளில் அவள் அதனைக் கேட்டிருக்கிறாள் என்பதையும் உணர்த்துகிறது. அன்றிலை ‘பிரிவின் குறியீடு’ என அகராதிப் பொருள் கூறி முடித்தால், ஓர் ஒலிக்காகக் காத்திருக்கும் அந்த அச்சம் விடுபட்டுப்போகும்.

வேம்பு, பனை ஆகிய இரு மரங்களுக்கும் பருத்த அடி என்னும் ஒரே அடை தரப்பட்டுள்ளதும் நோக்கத்தக்கது. கூகைக்கும் அன்றிலுக்கும் உறுதியான அடிமரம் இருக்கிறது. தொடக்கத்தில் வந்ததோ, பற்றி வளர வேண்டிய கொடி. இம்முரணைப் புலவர் கருதியே வைத்தார் என உறுதிப்படுத்த இயலாது. பாட்டின் சொற்கள் அதற்கு இடந்தருகின்றன என்ற அளவில் நிறுத்துதல் தகும்.

கடலின்றி இது நெய்தலாவது எவ்வாறு என்னும் முன்னைய வினாவுக்கும் விடை இங்கே கிடைக்கிறது. ஞாயிறு சாயும் பொழுது முதற்பொருளாகவும், பனையும் அன்றிலும் கருப்பொருளாகவும், இரங்கல் உரிப்பொருளாகவும் நின்று திணையை அமைக்கின்றன.

நற்றிணை 364: ஒப்பீடு

மற்றொரு கிடங்கில் புலவராகிய பெருங்கொற்றனாரின் பாட்டு முல்லைத் திணையது. இதிலும் சொன்ன பருவம் கழிந்துவிட்டது என்னும் செய்தி, ஏறத்தாழ அதே சொற்களில் உள்ளது. கீரங்கண்ணனார் அதனைப் பாட்டின் நடுவில் வைக்க, பெருங்கொற்றனார் முதலிலேயே வைத்துவிடுகிறார். அதன்பின் பகலும் நள்ளிருள்போல மயங்கி நிற்க, மேகம் நீர் சுமந்து இயங்க, குளிர்ந்த வாடையோடு வெறுப்பும் வந்து தங்குகிறது. இத்தகைய நாள்கள் சில கழிந்தால் தான் பல நாள் வாழப்போவதில்லை என்று தலைவி தோழியிடம் கூறுகிறாள். ஆநிரையின் மணியோசை ஊரருகே கேட்க, கோவலரின் கொன்றைக்குழல் மன்றுதோறும் இசைக்க, உயிர் போகும்படி விரைந்து மாலை வருகிறது. மழையும் அதனோடு சேர்ந்து வருகிறது.

இப்பாட்டில் வெளிப்படையான உவமை ஏதும் இல்லை. ஆனால் உருவகத் தன்மை சொல்லளவில் ஊடுருவியிருக்கிறது. மணியின் நாவை நா என்பது நாள்பட்ட வழக்கால் உருவகமெனத் தோன்றாத நிலையை அடைந்த சொல். புலவர் அந்நா இடியின் ஒலியை அறியாதது என்று கூறி, ‘அறிதல்’ என்னும் வினையைச் சேர்த்ததும், உறங்கிய உருவகம் விழித்துக்கொள்கிறது. மணி ஓர் இளம் உயிர்போல ஆகிவிடுகிறது. வெறுப்பு வந்து தங்குவதும் மாலை விரைவதும் இவ்வகையினவே. ஆகவே உருவகத்தைப் பெயரில் மட்டும் தேடாது வினையிலும் தேட வேண்டும் என்பது இப்பாட்டு தரும் பாடம்.

ஒலியின் பயன் இரு பாடல்களிலும் வேறுபடுகிறது. முதற்பாட்டில் கூகையும் அன்றிலும் அச்சுறுத்தும் குரலின. இரண்டாம் பாட்டில் மணியும் குழலும் இனியவை, அவ்வினிமையே வருத்துகிறது. மாடும் கோவலரும் பொழுது சாயும் முன் வீடு திரும்புகின்றனர். திரும்ப வேண்டியவன் திரும்பவில்லை. குழலோசை துயரின் குறியீடு அன்று. அது மகிழ்ச்சியின் ஒலியாகவே நின்று துயரைத் தருகிறது.

படிப்புமுறை

மேற்கண்ட விளக்கத்திலிருந்து, வகுப்பறையிலும் ஆய்விலும் பயன்படத்தக்க நான்கு வினாக்களைத் தொகுக்கலாம்.

1. இப்பொருள் பாட்டின் காட்சியில் உண்மையில் இருக்கிறதா, ஒப்புமைக்காக மட்டும் அழைக்கப்பட்டதா? வேம்பு காட்சியில் உள்ளது. பூ உதிர்ந்த கொடி ஒப்புமைக்கு வந்தது.

2. ஒப்புமை எனில், எது எதற்கு ஒப்பு? உவமேயத்தைப் பாட்டின் சொற்களிலிருந்தே காட்ட இயலுமா?

3. எந்த வினைச்சொல் ஒரு பொருளின் இயல்பான செயலைக் கடந்து நிற்கிறது?

4. இப்பொருளுக்கு முன்னும் பின்னும் நிற்பவை யாவை? இடம் மாற்றினால் என்ன கெடும்?

‘இது எதன் குறியீடு’ என்னும் வினாவை இந்நான்கிற்கும் விடை கண்ட பின்னரே எழுப்புதல் தகும். பெரும்பாலான இடங்களில் அதற்குள் அவ்வினாவுக்குத் தேவையே இராது.

இம்முறைக்கு மாணவரின் சொந்த அறிவும் துணையாகும். பனையைத் தமிழ்நாட்டின் மாநில மரமாகப் பாடநூலில் படிப்பவருக்கும், ஏரிக்கரைப் பனையில் காற்று மோதும் ஒலியை இரவில் கேட்டவருக்கும் இப்பாட்டு ஒரே அளவில் திறப்பதில்லை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் எனத் தமிழ்நாடு அரசு 2021இல் அறிவிக்கும் அளவுக்கு அம்மரம் குறைந்துள்ளது. பொருள் கண்முன் இல்லாதபோது அதன் பெயர் அகராதிச் சொல்லாகிறது. அகராதிச் சொல்லுக்குக் குறியீடு என ஒரு பொருளை ஒட்டிவிடுவது எளிது. கருப்பொருளைப் பற்றிய களஅறிவும் இலக்கணப் பயிற்சியும் ஒன்றையொன்று வேண்டி நிற்கின்றன.

முடிவுரை

நற்றிணை 218இல் உள்ள ஒரே உவமை தலைவிக்கு உரியதன்று, இரவுக்கு உரியது. பிற பொருள்கள் ஒப்புமையின்றி அம்மாலையில் உடனிருப்பவை. கண்ணிலிருந்து செவிக்கும், நிகழ்ந்த ஒலியிலிருந்து நிகழவிருக்கும் ஒலிக்கும் பாட்டு நகர்கிறது. நற்றிணை 364இல் உவமையே இல்லை. வினைச்சொற்களில் உருவகம் பொதிந்துள்ளது, இனிய ஒலி முரணால் துயரமாகிறது. ஓரூரின் பெயரைத் தாங்கிய இருவர், ஒரே மாலைப்பொழுதையும் ஒரே பொய்த்த வாக்கையும் இரு வேறு வழிகளில் அமைத்திருப்பது, படிமம் என்னும் ஒரு சொல்லுக்குள் அடங்காத வேறுபாடுகளைப் புலப்படுத்துகிறது. பொருளை முதலில் பொருளாகவே நின்று பார்க்கும் படிப்பே, அது குறிப்பாக உணர்த்துவதைப் பின்னர் உரிய அளவில் காட்டும்.